பீரோ நின்ற இடம்

பீரோ இடம் மாறியிருந்தது. காலையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் சமர்த்தாக நின்றது, சாயங்காலம் அவள் மகளோடு வந்து கதவைத் திறந்தால் கூடத்தின் நட்டநடுவில் குறுக்கே நிற்கிறது. சோபா சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சாப்பாட்டு மேசையோ, வருகிறவர்கள் இடித்துக்கொண்டால்தான் நிம்மதி என்பதுபோல வாசலை ஒட்டிக் கிடந்தது.

கல்யாணமாகிக் கணவரின் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இது மூன்றாவது தடவை.

"ஏங்க, சாமானுக்கெல்லாம் கால் முளைச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

கணவர் சிரித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தனியாளாகத்தான் எல்லாவற்றையும் இழுத்திருக்கிறார். "ஒரே மாதிரி இருந்தா அலுத்துப் போகுதும்மா. நீ இதையெல்லாம் எடுத்து மாத்திட்டு இருக்காத."

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள். கால் அங்குலம் கோணினாலும் கண்ணில் குத்தும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். முதல் கல்யாணம் முறிந்தபின் ஆறு வருஷம் மகளைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டிக் காலம் தள்ளியாகிவிட்டது. அந்த வீடுகளில் குழந்தை இருமினாலும் குற்றம், சிரித்தாலும் குற்றம். வயதுக்கு வளராத பிள்ளை, ஏழு வயதிலும் பட்டாணி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டாணி பயமில்லாமல் ஓடியாட ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. பீரோவுக்காகச் சண்டை போட்டு அதைக் கெடுத்துக்கொள்வாளா என்ன?

ஆனால் கால் நிலைகொள்ளவில்லை. ஒரே அறையை நாலு தடவை சுற்றி வந்தாள். தண்ணீர் குடிக்கப் போனவள் ஏன் வந்தோம் என்று மறந்து நின்றாள். கூடத்து மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியின் மோட்டார் இரவும் பகலும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்கு அடியில், அதைவிட மெதுவாக, இன்னொன்று மூச்சை இழுத்து விடுவதுபோல அவள் காதில் பட்டது. மோட்டார் இரண்டோ என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றுதான். உப்பு வாடை துவைத்த துணியிலும் தலையணையிலும் ஏறிவிட்டிருந்தது.

கடல்மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பதுதான் கணவரின் தொழில். வீட்டுத் தொட்டியிலும் ஒரு கல் மீன் வைத்திருந்தார். பாறையோடு பாறையாகக் கிடக்கும். எது கல், எது மீன் என்று விரல் வைத்துக் காட்டினால்தான் தெரியும். அதற்குப் பெயர் பெரியவர். அதே தண்ணீரில் விரல்நுனி அளவு நீலக் குஞ்சுகளும் ஓடித் திரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவர் தொட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு கல்லாக இடம் மாற்றிக்கொண்டிருந்தார். பட்டாணி கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள். புது அப்பாவை அவள் மீனப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"மீனப்பா, பெரியவர் இதுங்கள சாப்பிட மாட்டாரா?"

"வாய்க்குள்ள போற அளவுல இருந்தா எல்லாமே அவருக்குச் சாப்பாடுதான் கண்ணு. ஆனா அவர் துரத்த மாட்டார். சின்னதுங்க எந்த வழியா போகுது வருதுன்னு பார்த்து வச்சுப்பார். அந்த வழியில போய் கல்லு மாதிரி உட்கார்ந்துப்பார். அவ்ளோதான். அதான் பத்து நாளைக்கு ஒருதரம் கல்லை மாத்துறேன். பாதை மாறிட்டா பாவம், முதல்லேர்ந்து கத்துக்கணும்."

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்," என்றாள் அவள். "அதுக்கு அந்தக் குஞ்சுங்கள வேற தொட்டியில விட்டா ஆகாதா?"

அவர் ஈரக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வெளியூரில் வேலை என்று போனார். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றவர், தொட்டியில் ஒழுகல், இன்னும் நாலு நாள் ஆகும் என்று தகவல் சொன்னார். குரலில் ஒரு தவிப்பு இருந்தது. வேலைத் தவிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. மகள் பள்ளிக்குப் போனதும் கூடத்தில் நடந்தவள் பீரோ முனையில் முழங்காலை இடித்துக்கொண்டாள். சுரீரென்று கோபம் வந்தது. வீடா இது, சாமான் கிடங்கா? மனசு கிடந்து அலைவதற்கெல்லாம் இந்தக் கலைசல்தான் காரணம், ஒழுங்கு செய்தால் பயமும் போய்விடும் என்று தோன்றியது. கந்தைத் துணியைப் பீரோவின் காலுக்குக் கீழே கொடுத்துத் தள்ளினாள்.

எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தரையே சொன்னது. வருஷக்கணக்காகப் பொருள்கள் நின்ற இடங்களில் தரை வெளுத்து, சதுரம் சதுரமாக அச்சு விழுந்திருந்தது. பீரோ அதன் அச்சில் கச்சிதமாக உட்கார்ந்தது. சோபாவும் மேசையும் அப்படியே. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல எல்லாம் பொருந்தியது. மத்தியானம் பல நாளுக்குப் பிறகு அசந்து தூங்கினாள்.

மாலை மகளை அழைத்துவந்து பால் காய்ச்சிக் கொடுத்தாள். பட்டாணி சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கூடத்தைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. சாமான்கள் இப்படி நின்றால் சமையலறையிலிருந்து தெருக்கதவுக்குப் போக ஒரே வழிதான் இருக்கிறது. சோபாவுக்குப் பின்னால், பீரோவை உரசிக்கொண்டு, பின்சுவர் ஓரமாக.

ஒரே பாதை.

கல்லை மாற்றிய கைதான் பீரோவையும் மாற்றியது. பத்து நாளைக்கு ஒருதரம். ஒரு மாதத்தில் மூன்று தடவை. தொட்டியில் பெரியவருக்காக மாற்றினார். வீட்டில் யாருக்காக?

போன் அடித்தது. அவர்தான்.

"பஸ்ஸுல இருக்கேன்மா. ராத்திரிக்குள்ள வந்துடுவேன். பத்து நாளைக்கு மேல ஆயிடுச்சு. நீ ஒரு காரியம் பண்ணு. அந்த பீரோவ மட்டும் கொஞ்சம்..."

"எல்லாத்தையும் பழையபடி வச்சுட்டேங்க," என்றாள். "தரையில அச்சு இருந்துச்சு."

பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் ஏறியது.

"பட்டாணி எங்க?"

"இங்கதான். ஏங்க?"

"தூக்கு. அவளத் தூக்கித் தோள்ல வச்சுக்க. ஓடாத. சின்னதா தெரியக் கூடாது, புரியுதா? கைய விரிச்சு, எவ்ளோ பெருசா நிக்க முடியுமோ அவ்ளோ பெருசா நில்லு."

அவள் கேட்கவில்லை, யோசிக்கவில்லை. பென்சிலோடு குழந்தையை வாரித் தோளில் ஏற்றினாள். "என்னது அது? தெரிஞ்சுதானே எங்கள கூட்டிட்டு வந்தீங்க? பச்சப் புள்ளையாச்சே! ஏன்?"

அவர் அழுகிறார் என்று தெரிந்தது.

"நான் இங்க தனியா இருந்தப்ப அது என்னையேதான் பார்த்துட்டு இருந்துச்சும்மா."

போன் கையிலிருந்து நழுவியது. அட பாவி. அட படுபாவி.

மோட்டார் முனகியது. அதன் அடியில் அந்த மற்றொன்று. இழுத்து. விட்டு. இப்போது அது மூலையிலிருந்து வரவில்லை.

"அம்மா," என்றாள் பட்டாணி மேலேயிருந்து. "பீரோ பக்கத்துல புதுசா ரூம் கட்டியிருக்காங்க."

பின்சுவரில் ஒரு வாசல் இருந்தது.

காலையில் துடைத்த சுவர் அது. அங்கே இப்போது நிலை இருந்தது, படி இருந்தது. மற்ற வாசல்களுக்கு அடித்த அதே பச்சை வண்ணம், அதே தேய்மானம். பத்து வருஷமாக அங்கேயே இருப்பதுபோல, பாறையோடு பாறையாக. கதவு மட்டும் இல்லை. உள்ளே இருட்டு. உயரம் அதிகமில்லை. குழந்தை குனியாமல் நுழையலாம். பெரியவர்களால் முடியாது.

உப்பு வாடை.

படியின் விளிம்பு ஈரமாக இருந்தது.

"உள்ள விளக்கு எரியுதும்மா. குட்டியா. நான் பாக்கட்டுமா?"

"வேண்டாம் தங்கம். அசையாத."

ஓடக் கூடாது. தெருக்கதவு பத்தடியில்தான். ஆனால் வழி அந்தப் புது வாசலின் முன்னால்தான். அவள் வைத்த பீரோ. அவள் வைத்த சோபா. அவள் கையாலேயே.

ஒரு கையை அகல விரித்தாள். மார்பை நிமிர்த்தினாள். மறு கையால் பட்டாணியின் கால்களை இறுகப் பிடித்து, இடுப்புக்கு மேல் இருந்த உடம்பையெல்லாம் உயர்த்தி, குதிகால் தரையைவிட்டு எழும்ப எக்கி நின்றாள்.

வாசல் ஓர் அங்குலம் உயர்ந்தது.

அவள் பிள்ளையைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பட்டாணியின் தலை உத்தரத்தில் இடித்தது. அதற்கு மேல் இடமில்லை.

வாசல் மெதுவாக, ஓசையில்லாமல், உத்தரம்வரை உயர்ந்தது.