வரவேண்டிய தட்டல்

கிரீஸைக் கண்டு பல வருடமான அந்தப் பாலத்தில், அன்று சாயங்காலம் புதுக் கிரீஸ் வாடை அடித்தது. ஆற்றுச் சேற்றின் நாற்றத்துக்கும் துருவின் நெடிக்கும் நடுவே, யாரோ அப்போதுதான் டப்பாவைத் திறந்து வைத்தது போல. பாலக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

ஒரு காலத்தில் அந்த ரயில் தூக்குப் பாலத்தை இயக்கியவர் அவர்தான். இப்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அதன் வரலாற்றை வாய் ஓயாமல் சொல்கிறார். படகு வந்தால் பாலம் எழும்பும். எழும்ப எழும்ப, அதற்கு ஈடான பெரிய கான்கிரீட் பாளம் இயக்கும் அறைக்குக் கீழே உள்ள குழிக்குள் இறங்கும். அதனால் தூக்குமுன் இவர் மணி அடிக்க வேண்டும். குழிக்குள் பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் போடுகிறவன் ஏணி வழியாக மேலே வந்து, வாசல் கைப்பிடிக் கம்பியில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவான். வெளியே வந்துவிட்டேன் என்று அர்த்தம். அந்தத் தட்டல் கேட்காமல் நெம்புகோலைத் தொடக் கூடாது.

"கடைசி ரயில் போனதும் தூக்கினோம். அன்னைக்குத் தூக்கினதுதான், இன்னும் அப்படியே நிக்குது. ஜனங்க நடந்து போக, நாளைக்குத்தான் மறுபடி இறக்கப் போறாங்க," என்றவர், எப்போதும் முடிப்பது போலவே முடித்தார். "இத்தனை வருஷத்துல ஒரு உயிருக்குக்கூட இங்க சேதம் வந்ததில்லை."

கூட்டம் கைதட்டியது. பின்னால் நின்ற அவர் தங்கை மட்டும் தட்டவில்லை. இறக்குவதற்குள் ஒரு தடவை பார்த்தே தீருவேன் என்று அவள் பிடிவாதமாகக் கூட வந்திருந்தாள். கிரீஸ் போட்டவன் அவள் புருஷன். கடைசி ரயிலில் ஏறி எவளோடோ ஓடிவிட்டான் என்று அவளிடம் சொன்னவர் அண்ணன்தான்.

கடைசி ரயில் போன அன்றைக்குப் பெரிய மனிதர்கள் அறைக்குள்ளேயே வந்து நின்றிருந்தார்கள். மணி அடித்தார். தட்டல் வரவில்லை. "என்னய்யா, யார் உத்தரவுக்குக் காத்துக்கிட்டிருக்கே?" என்று மேலதிகாரி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிரீஸ்காரனின் தட்டலுக்கு என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. நெம்புகோலை இழுத்தார். கைதட்டலுக்கு நடுவே கீழேயிருந்து வந்த சத்தம் அவர் காதில் நன்றாகவே விழுந்தது. விழாதது போல அவரும் கைதட்டினார்.

ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று ஊர் பேசியதைத் தலை குனிந்து கேட்டுக்கேட்டே தங்கை கிழவியானாள். அவள் கையால் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் அவர் கூனிக் குறுகிப்போவார். ஆனாலும் சொன்னதில்லை. நாளை பாளம் மேலே வரும். அடியில் கிடப்பதும் வெளிச்சத்துக்கு வரும்.

கூட்டம் கலைந்தது. அறைக்குள் இருட்டு மெல்லக் கூடியது. வாடையும் கூடியது.

"ஆத்து நாத்தம்மா. வா, போகலாம்," என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

"ஆத்து நாத்தம் எனக்குத் தெரியாதா அண்ணா? இது அவர் சட்டை வாடை." அவள் சுற்றிலும் பார்த்தாள். "இந்த மணியைத்தான் அடிப்பியா?"

"அடிக்காதே!"

அதற்குள் கயிற்றை இழுத்துவிட்டாள்.

மணிச் சத்தம் ஆற்றின் மேல் போய் அடங்கியது. தண்ணீர் தூணில் மோதும் ஓசை நின்றது. கீழே, குழிக்குள், இரும்பு ஏணியில் எதுவோ கால் வைத்தது.

அந்தக் குழியைப் பாளம் அடைத்துக்கொண்டு கிடந்தது. ஓர் ஆள் நிற்க இடமில்லை. ஒரு கை நுழையவும் இடமில்லை.

அடுத்த படி. அதற்கடுத்த படி. இழுத்து, இழுத்து.

"கீழே யாரு அண்ணா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். நாக்கு கூசியது.

"யாருமில்லைம்மா," என்றார்.

டங்.

டங்.

வாசல் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஒருவருமில்லை. கம்பியில் மட்டும் விரல் தடங்கள். கறுப்பாக. ஈரமாக.

தங்கை கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அங்கே போனாள். கம்பியில் கை வைத்தாள். அவள் விரல்களின் மேல் ஒவ்வொன்றாகக் கறுப்புப் படிந்து, இறுகியது. அவள் கையை எடுக்கவில்லை. காதருகே யாரோ பேசுவதற்குத் தோதாகத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வெகுநேரம் கேட்டாள். கேட்டபடியே, கண் இமைக்காமல், அண்ணனைப் பார்த்தாள்.