கல்லின் பின்பக்கம்

இந்தக் கதையில் ஒரு கடுகடுப்பான கிழவர் வருவார். அது நான்தான். பிறகு தெரிந்து நீங்கள் முகம் சுளிப்பதைவிட, முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

ஒசாகா நகரில், எங்கள் தெருமுனைப் பாலத்தின் பக்கத்தில் ஒரு கல் நிற்கிறது. என்னைவிட இரண்டு சாண் உயரம். நூற்றெழுபது வருடங்களுக்கு முன் நிலம் நடுங்கி, கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறி வந்த நாளைப் பற்றி அதில் செதுக்கியிருக்கிறது.

‘மர வியாபாரி குராஹாஷி ஜின்பே முன்னால் ஓடினார். நாற்பத்து மூன்று பேர் அவர் பின்னால் ஓடி, கோயில் மேட்டில் ஏறிப் பிழைத்தார்கள்.’

ஜின்பே எங்கள் முன்னோர். நானும் ஒரு குராஹாஷி. எங்கள் வீட்டார் குனிந்து நடப்பதில்லை.

ஆகஸ்ட் மாதம், குழந்தைகளைக் காக்கும் ஜிசோ சாமியின் விழா நாளில், அந்தக் கல்லெழுத்துகளுக்கு மை பூசுவோம். மை மங்கினால் எழுத்து மங்கும். எழுத்து மங்கினால் ஊர் மறந்துவிடும். முதல் எழுத்துக்கு மை இடுவது எங்கள் வீட்டில் மூத்தவரின் உரிமை. அதன் பிறகே மற்றவர்கள் தூரிகையைத் தொடலாம்.

இன்னொரு கட்டளையும் உண்டு. முன்பக்கத்துக்கு மட்டும்தான் மை. பின்பக்கம் யாரும் போகக் கூடாது.

“ஏன் தாத்தா?” என்று கேட்டாள் சாயோ. என் தம்பியின் பேத்தி. பத்து வயது. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

“அங்க கப்பா இருக்கு” என்றேன்.

கப்பா என்பது ஆற்றில் வாழும் பச்சைப் பூதம். குழந்தைகளின் காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். வெள்ளரிக்காய் கிடைத்தால் மட்டும் பிடியை விடும்.

சாயோ அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வருடம் அவள் பள்ளியில் ஒரு விடுமுறை வேலை கொடுத்திருந்தார்கள். ‘நம் நகரின் புகழ்பெற்றவர்கள்.’ ஆளுக்கொருவரைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். ஒருத்தி ஓர் ஓவியரை எடுத்தாள். எதிர்வீட்டு ஹயாட்டோ, உடனடி நூடுல்ஸ் கண்டுபிடித்தவரை எடுத்தான். “ஆராய்ச்சிக்காக” என்று சொல்லி தினமும் இரண்டு கிண்ணம் தின்றான்.

சாயோ ஜின்பேயை எடுத்தாள். விழாவன்று கல்லின் முன்னால் நின்று, ஊரார் எல்லோருக்கும் அவள் வாசிக்க வேண்டும். என்ன வாசிக்க வேண்டும் என்பதை நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு பெரிய தாளின் முன்பக்கம் நிறைய, நான்கு பத்தி. ‘மாவீரர்’ என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில்.

விழாவுக்கு முந்தின நாள் காலை எனக்கு முழங்கால் வலி. கல்லைக் கழுவச் சாயோவை அனுப்பினேன். அவளோடு ஹயாட்டோவும் போனான். அதன் பிறகு நடந்ததை அவளே பின்னால் எனக்குச் சொன்னாள்.

எங்கோ கடலில் புயல் சுற்றிக்கொண்டிருந்தது. வானம் இருண்டு கிடந்தது. சிள்வண்டுகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன. சாயோ வாளியை வைத்துவிட்டு, நான் எழுதிய தாளை மனப்பாடம் செய்தபடியே கல்லைத் தேய்த்தாள்.

திடீரென்று ஒரு காற்று. தாள் அவள் கையிலிருந்து பறந்தது. சுழன்றது. நேரே கல்லின் பின்னால் போய் விழுந்தது.

கல்லுக்கும் வெள்ளத் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். பகலிலும் இருட்டு. சுவருக்கு அப்பால் ஆறு.

களக்... களக்... என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

“யாரோ எதையோ முழுங்கற மாதிரி இல்ல?” என்றான் ஹயாட்டோ.

“சும்மா இருடா!”

“உன் தாளைத்தான் சாப்பிடுதோ என்னவோ. நாலு பத்தி. பாவம், அதுக்கு வயிறு வலிக்கும்.”

சாயோ சிரிக்கவில்லை. தாள் இல்லாமல் வீட்டுக்குப் போனால் நான். தாளை எடுக்கப் போனால் கப்பா. இரண்டில் எது பெரிய பயம் என்று அவள் யோசித்துப் பார்த்தாளாம். நான்தான் ஜெயித்தேனாம்.

அவள் வீட்டுச் சமையலறைக்கு ஓடிப்போய் ஒரு வெள்ளரிக்காயோடு திரும்பினாள். அதை வாள்போல் முன்னால் நீட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள்.

உள்ளே சேற்று வாடை. பாசி கழுத்தில் உரசியது. களக், களக் என்ற சத்தம் காலடியிலிருந்தே வந்தது. தாள் இரண்டடி தள்ளிக் கிடந்தது. ஓர் அடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள்.

எதுவோ அவள் கணுக்காலைப் பிடித்தது.

“ஹயாட்டோ!”

காலை உதறினாள். பிடி இன்னும் இறுகியது. வெள்ளரிக்காயைக் கீழே வீசினாள். அப்போதும் விடவில்லை! விழாமல் இருக்கக் கல்லை இரண்டு கைகளாலும் பற்றினாள். ஈரப் பாசி பாளம் பாளமாக உரிந்து வந்தது. அவள் விரல்கள் ஏதோ பள்ளங்களுக்குள் புகுந்தன.

அந்தப் பள்ளங்கள் எழுத்துகள்.

ஹயாட்டோ எப்படியோ உள்ளே நுழைந்து குனிந்து பார்த்தான். “ஏய், பழைய மீன்வலை! காலைச் சுத்தியிருக்கு.”

“அப்போ அந்தச் சத்தம்?”

“சாக்கடைக் குழாய். ஆத்துல தண்ணி ஏறுதுல்ல, அதான் கொப்புளிக்குது.” அவன் கல்லைத் தொட்டுப் பார்த்தான். “இது என்னது? இங்கேயும் எழுதியிருக்கு!”

வலையை அவிழ்த்து, தாளை எடுத்துக்கொண்டு இருவரும் கல்லைத் தேய்த்தார்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முன்பக்கத்தில் இருப்பதுபோல் கடினமான எழுத்துகள் அல்ல. சின்னப் பிள்ளைகளும் வாசிக்கும் எளிய எழுத்துகள். சாயோ ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுக்குக் கப்பாவே வந்திருந்தால் தேவலை என்று இருந்ததாம்.

“தாத்தாகிட்ட எப்படிச் சொல்லப் போற?” என்றான் ஹயாட்டோ.

“தெரியலடா. நீ யார்கிட்டயும் சொல்லாதே.”

“சொன்னா ஆயிரம் ஊசி முழுங்கறேன்” என்று அவன் சுண்டுவிரலை நீட்டினான். அவள் தன் விரலைக் கோத்தாள்.

மத்தியானம் சாயோ சாப்பாட்டில் கையை வைக்கவில்லை. குளிர்ந்த நூடுல்ஸ் அவள் முன்னால் இருந்த தண்ணீரிலேயே ஊறியது. நான் அவள் நகங்களைப் பார்த்தேன். நகத்துக்கு அடியில் பச்சையாகப் பாசி.

எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த எழுத்துகளை நான் ஏற்கெனவே வாசித்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது என் அப்பா என்னை அந்தச் சந்துக்குள் கூட்டிப்போய் வாசிக்கச் சொன்னார். பிறகு, “மறந்துடு” என்றார். நான் மறக்கவில்லை. அறுபத்தாறு வருடமாக வாயும் திறக்கவில்லை. மரக்கடை போய்விட்டது. பெரிய வீடும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஜின்பேயின் பெயர் ஒன்றுதான்.

“பின்னால போனியா?” என்று கேட்டேன்.

சாயோ கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். “தாள் பறந்துடுச்சு தாத்தா.”

“எதையாவது பார்த்தியா?”

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கப்பாவைப் பார்க்கல.”

கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினேன். கிண்ணங்கள் குதித்தன. “நாளைக்கு நான் எழுதினதை மட்டும் வாசி. ஒரு எழுத்து கூடக் கூடாது, குறையக் கூடாது.”

“சரி தாத்தா.”

பயந்த குழந்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்திருந்தால், நானும் பயந்திருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் பத்து மணிக்குக் கல்லைச் சுற்றி ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். புயல் விலகிப்போயிருந்தது. ஆனால் காற்று அடங்கவில்லை. விழாக் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஊரார் காசு கொடுத்துக் குளிக்கும் பழைய குளியல் கடையை நடத்தும் குமே அத்தை, சிறுத்தைப் புள்ளிச் சட்டையோடு முன்வரிசையில் நின்று, எட்டின கைகளில் எல்லாம் மிட்டாயைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சாயோ, முகம் தோஃபு மாதிரி வெளுத்திருக்கு? இந்தா, ரெண்டா வாங்கிக்க!”

நான் முதல் எழுத்துக்கு மை இட்டேன். சாயோ மற்ற எழுத்துகளுக்குப் பூசினாள். அப்போது அவள் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு விழுந்தது. பிறகு தாளைப் பிரித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்றாள்.

தாளைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.

கொடிகள் அடித்துக்கொண்டன. யாரோ இருமினார்கள். நான் தடியை இறுக்கிப் பிடித்தேன். என் நெஞ்சுக்குள் அந்தக் களக், களக் சத்தம் எனக்கே கேட்டது. இப்போது சொல்லப்போகிறாள். ஐம்பது பேர் முன்னால். ‘எங்கள் தாத்தா மறைத்துவிட்டார்’ என்று சொல்லப்போகிறாள்.

அவள் தாளை மடித்தாள். மைக் கிண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். தூரிகையை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

“தாத்தா,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். “மை மிச்சம் இருக்கு. பின்பக்கத்துக்கும் முதல் எழுத்து நீங்கதானே போடணும்? நான் எப்படிப் போடறது?”

நான் தூரிகையை வாங்கவில்லை.

“உள்ள வழுக்கும். நான் கையைப் பிடிச்சுக்கறேன்.”

“கப்பா?” என்றேன். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

அவள் சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் காட்டினாள். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் இன்னும் தப்பித்துவிடலாம். அந்த வழியை அவள் எனக்குத் திறந்தே வைத்திருந்தாள்.

அதனால்தான் என்னால் தப்பிக்க முடியவில்லை.

அறுபத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். உள்ளே நான் மறுபடி பன்னிரண்டு வயதுப் பையன். அதே வாடை, அதே சத்தம். ஒரு சின்னக் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் அதைவிட இறுக்கிப் பிடித்தேன்.

முதல் எழுத்துக்கு மை இட்டேன். சாயோ அடுத்தடுத்த எழுத்துகளில் மை பூசிக்கொண்டு போனாள். குராஹாஷி ஒருவர் செதுக்கியதைக் குராஹாஷி ஒருவன்தான் வாசிக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தேன். வெளியே இருந்தவர்களுக்கு நான் தெரியவில்லை. கல்லே பேசுவதுபோல் இருந்ததாம்.

‘நான் ஜின்பே. நிலம் நடுங்கியபோது வீடு இடியும் என்று பயந்து படகில் ஏறினேன். எல்லோரும் ஏறினோம். குளியல் கடைச் சிறுமி ஒஃபுஜி, வயது பதினொன்று, கரையில் நின்று, ஆற்றுத் தண்ணீர் வற்றுகிறது, அலை வரும், இறங்குங்கள் என்று கத்தினாள். வாயை மூடு என்று அதட்டினேன். அவள் படகில் குதித்து என் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திருடி, திருடி என்று கத்திக்கொண்டு நான் துரத்தினேன். திருடியைப் பிடிக்க எல்லோரும் என் பின்னால் ஓடி வந்தார்கள். கோயில் மேட்டின் உச்சியில் அவளைப் பிடித்தோம். திரும்பிப் பார்த்தபோது படகுகள் இல்லை. முன்பக்கத்தை ஊரார் செதுக்கினார்கள். இந்தப் பக்கத்தை நான் செதுக்கினேன். என் பின்னால் வருகிறவர்களே, இதற்கும் மை இடுங்கள்.’

வாசித்து முடித்தேன். இனி எங்களுக்கு எந்தப் பெயரும் இல்லை என்று நினைத்தேன். வெளியே போகவே கால் வரவில்லை.

அப்போது குமே அத்தையின் குரல் வெடித்தது.

“எங்க குளியல் கடைப் பொண்ணா! கைக்குழந்தையைத் தூக்கிட்டு ஓடினாளா! அடி என் ராசாத்தி!”

சந்திலிருந்து நான் வெளியே வந்தபோது, அவள் அழுதுகொண்டே என் கைக்குள்ளும் ஒரு மிட்டாயைத் திணித்தாள். எழுபத்தெட்டு வயதில் எனக்கு மிட்டாய்!

“நீங்க ஒண்ணும் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம்,” என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. “தன்னோட வெட்கத்தைக் கல்லுல வெட்டி வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?”

ஹயாட்டோ எட்டிப் பார்த்தான். “அப்போ ஜின்பே தாத்தா, திருடியைத் துரத்தித்தான் நாப்பத்து மூணு பேரைக் காப்பாத்தினாரா?”

நான் தடியை ஓங்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டார் தெருவில் சிரிப்பதில்லை. அன்று சிரித்தோம்.

சாயோ தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக எழுதினாள். இப்போது அவள் வகுப்புச் சுவரில், நூடுல்ஸ்காரருக்கும் ஓவியருக்கும் நடுவில் ஒரு படம் தொங்குகிறது. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி குழந்தையோடு ஓடுகிறாள். பின்னால் ஒரு குண்டு மனிதர் கத்திக்கொண்டு வருகிறார். மூக்கு அப்படியே என் மூக்கு. நான் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் விளங்கவில்லை. சாயோ அன்று கல்லின் பின்னால் வைத்த வெள்ளரிக்காய், சாயங்காலம் மை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனபோது அங்கே இல்லை. தான் தின்னவில்லை என்று ஹயாட்டோ ஆயிரம் ஊசிமேல் சத்தியம் செய்கிறான்.