மிதிபடாத வாசற்கல்

கல்லறைத் தோட்டத்தையே காணோம் என்று ஒருத்தி வந்து நின்றால் துப்பறிகிறவன் என்ன செய்வான்? ஸ்டாரி ப்ருட் என்ற ஊரின் போலீசில் இருந்து ஓய்வு பெற்ற அலோய்ஸ், முதலில் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

அவள் பெயர் எல்ஃப்ரீடே. யுத்தம் முடிந்த குளிர்காலத்தில் இந்த ஊர் ஜெர்மன்காரர்களை மூட்டை முடிச்சோடு ஜெர்மனிக்கு ரயிலேற்றி விரட்டினார்களே, அவர்களில் ஒருத்தி. ரயிலேறுவதற்குச் சில நாள் முன்புதான் மகனை இங்கே புதைத்திருந்தாள். பல வருஷம் கழித்து இப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"அவன் எலும்பை எடுத்துட்டுப் போக அனுமதி வாங்கிட்டு வந்தேன் ஐயா. ஞாயித்துக்கிழமை திரும்பணும். அங்க பாத்தா பசங்க பந்து விளையாடறாங்க."

"கல்லு எப்படி இருக்கும்மா?"

"மேல்பக்கம் வளைவா. மதிலோரம், கடைசிக் குழி. என் வீட்டுக்காரர் கையாலேயே செதுக்கினது."

அலோய்ஸின் சிநேகிதன், முடிதிருத்துகிற கொன்ராட், அவள் போனதும் உதட்டைப் பிதுக்கினான். "யோவ், இதுல துப்பறிய என்ன இருக்கு? மதிலை இடிச்சு, கல்லையெல்லாம் ஒடச்சு ரோட்டுல போட்டாச்சு."

கல்லறைத் தோட்டம் இருந்த மைதானத்துக்கு இருவரும் போனார்கள். அதை ஒட்டி இருந்தது ஒரே வீடு. ஜெர்மன்காரர்கள் போன கையோடு கிழக்கிலிருந்து இங்கே குடியேற்றப்பட்ட விதவை ஸ்டெஃபானியாவுடையது. கொன்ராட் வாசற்கல்லில் கால் வைக்கப்போக, அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஓரமா வாங்க. வழுக்கும்."

மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. தோட்டமெல்லாம் முட்டைக்கோஸ். வேலி ஓரிடத்தில் மட்டும் மைதானத்துக்குள் புடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் புடைப்புக்குள் காய்கறி இல்லை. நீலப்பூக் கொடியும், எரிந்த மெழுகோடு இரண்டு கண்ணாடி விளக்குகளும் இருந்தன.

மறுநாள் அலோய்ஸ் எல்ஃப்ரீடேயை அந்த வாசலுக்கே கூட்டி வந்து, ஸ்டெஃபானியாவைக் கேட்டார்.

"வாசற்கல்லுக்கு எதுக்கும்மா வளைவு? நடுவுல பாசி, ஓரத்துல தேய்ஞ்ச ஒத்தையடித் தடம். இந்த வீட்ல யாரும் கல்லை மிதிக்கறதில்ல. கல்லை உடைக்க வந்தப்போ நீங்கதான் இதைக் குப்புறப் போட்டு ஒளிச்சீங்க. வேலியைத் தள்ளிக் கட்டி, குழியையும் தோட்டத்துக்குள்ள சேத்துக்கிட்டீங்க."

ஸ்டெஃபானியா தலையசைக்க, அலோய்ஸ் தொடர்ந்தார்.

"முன்பின் தெரியாத பிள்ளைக்கு யாரு இவ்வளவு செய்வா? அதுவும் ஒரு பிள்ளைக்கு ரெண்டு விளக்கு எதுக்கு? அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "வந்து எறங்கின வாரமே எம்பொண்ணு போயிட்டா. தரையெல்லாம் இரும்பாட்டம் உறைஞ்சு கெடந்துச்சு. அந்த ஒரு குழிலதான் மண்ணு எளகியிருந்துச்சு. பெட்டி செய்யப் பலகைகூட இல்ல. துணில சுத்தி வச்சேன்." எல்ஃப்ரீடேயைப் பார்த்தாள். "தோண்டுங்கம்மா, உங்க பையன்தானே. ஆனா எது அவன், எது எம்பொண்ணுன்னு பிரிக்க முடியாது. அவளுக்குன்னு வேற இடமும் இல்ல."

கொன்ராட் தொப்பியைக் கழற்றினான். தோண்டலாமா வேண்டாமா என்று தன்னிடம் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, கேட்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான்.

எல்ஃப்ரீடே வேலிப்பக்கம் போய் வெகுநேரம் நின்றாள். அழுதாள். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"உங்க பொண்ணு பேரென்ன?"

"ஹல்ஷ்கா." இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"எங்க எர்வின் தனியாப் படுக்கவே மாட்டான். பக்கத்துல ஒரு ஆள் வேணும் அவனுக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவள் வெறுங்கையோடு ரயில் ஏறினாள்.