குறை சொல்லும் ஊர்

காலைப் பசியாற பொதுச் சமையற்கூடத்தில் வரிசை நின்றிருந்தது. கொம்பையா தட்டை நீட்டினார். நெத்திலிக் குழம்பை ஊற்றிவிட்டு, சமையல்காரர் அருளானந்தம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொம்பையா ஒரு வாய் எடுத்து வைத்தார். குழம்பு அமிர்தமாக இருந்தது.

"என்னய்யா இது, வாயில வைக்க முடியல. இன்னொரு கரண்டி ஊத்தும்."

அருளானந்தத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். ஒருவருக்குப் புளி தூக்கலாம், இன்னொருவருக்கு மீன் கவிச்சியாம். சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துவிட்டார்கள்.

அலைவாய்ப் பொதுமை என்ற அந்தக் கடலோர ஊரில் யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. காதலிக்கிறவன்கூட, 'உன்னை மாதிரி ஒண்ணுத்துக்கும் உதவாதவள நான் பார்த்ததேயில்லை' என்றுதான் உருகுவான். அவளும் வெட்கப்படுவாள். முதல் தடவை வருகிற வெளியூர்க்காரர்கள், இத்தனை கடுப்போடு இவர்கள் எப்படித்தான் ஒன்றாக வாழ்கிறார்களோ என்று தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள். அந்தக் காலத்தில் கண் பட்டுவிடும் என்று பிள்ளையின் கன்னத்தில் மை வைத்தார்களாம். இந்த ஊருக்குக் கண்ணைப் பற்றிய பயமில்லை. பயமெல்லாம் செவியைப் பற்றித்தான்.

செவி ஒன்றும் ஒளித்து வைத்த பொருளல்ல. விளக்குக் கம்பங்களிலும் வேலைக் கொட்டகைகளிலும் தொங்குகிற சாம்பல் நிறச் சென்சார் அது. வீட்டுக்குள்ளும் உண்டு. வீட்டில் செய்வது உழைப்பில்லையா என்று பெண்கள் கேட்டு வாங்கியது, நியாயமாகத்தான் கேட்டார்கள். செவி கேட்பதெல்லாம் பங்கீட்டு மதிக்குப் போகும். அரிசியையும் மருந்தையும் வீட்டையும் வேலையையும் பிரித்துக் கொடுக்கிற அந்த அல்காரிதத்தை ஊரில் சுருக்கமாக மதி என்பார்கள்.

இதெல்லாம் நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். கடல் ஏறி பழைய ஊர்கள் மூழ்கிய காலத்தில், உப்பளக் கொட்டகை ஒன்றில் ஒரு படிப்பு வட்டம் கூடியது. பொதுவுடைமை என்ற யோசனை எங்கே பிறந்தது, மாதிரிக் கிராமங்கள் கட்டிப் பார்த்த பழைய கனவுக்காரர்கள் எங்கே சறுக்கினார்கள், அதே யோசனை நாடாள வந்தபோது ஏன் அலுவலகமும் காவலும் கோப்புமாக மாறியது என்று அவர்கள் வருஷக்கணக்கில் பேசினார்கள். இயன்றதை ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும், வேண்டியதை ஒவ்வொருவரும் பெற வேண்டும். அதில் யாருக்கும் தகராறில்லை. இயன்றது எவ்வளவு என்று அளப்பது யார் என்பதில்தான் எல்லா இடத்திலும் காரியம் கெட்டிருந்தது. அளக்க ஓர் அதிகாரியை வைத்தார்கள். அவன் எஜமான் ஆனான். ஆகவே உப்பளத்துக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அதிகாரியே வேண்டாம், ஒருவனுடைய திறனைப் பக்கத்தில் நின்று உழைக்கிறவன் சொல்லட்டும். அந்தச் சொல்லுக்குச் சக சாட்சியம் என்று பெயர் வைத்தார்கள். கேட்டபோது எல்லோருக்கும் கண் கலங்கியதாம்.

அந்தச் சாட்சியத்தைக் கேட்கத்தான் செவி வந்தது. ஒரு நாள், 'அவன் கை பட்டா மோட்டார் ஓடும்' என்று நண்பன் ஒருவன் பெருமையாகச் சொன்னான். மறுவாரமே மோட்டார்க்காரனை அழைத்து எங்கோ மலையடிவாரத்துக்கு அனுப்பியது மதி. அங்கேதான் அவனுக்குத் தேவை இருந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் வாயை மூடக் கற்றுக்கொண்டது.

கொம்பையாவுக்கு ஒரே மகள், செம்பருதி. மருந்தகத்தில் உதவியாளாகச் சேர்ந்தவள், தைக்கவும் கீறவும் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அப்படியொரு கைராசி. தேங்காய் அரிவாளில் கிழிந்த அருளானந்தத்தின் உள்ளங்கையை அவள் தைத்ததில், தையல் எங்கே என்று இன்றைக்கும் தேட வேண்டும். அன்று கொம்பையா அந்தக் கையை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெஞ்சு விம்மியது.

"சாக்கு தைச்ச மாதிரி இருக்கு," என்றார் சத்தமாக. "ஒனக்கு எப்பத்தான் வேலை வரப்போகுதோ."

மகள் தலையைக் குனிந்துகொண்டு ஊசிகளைக் கழுவப் போனாள். பிள்ளைகளுக்கு இந்த வழக்கத்தை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. விளக்கினால் அதையும் செவி கேட்கும். வளர வளர அவர்களாகவே புரிந்துகொள்வார்கள் என்று பெற்றவர்கள் நம்பினார்கள்.

நெத்திலிக் குழம்பு ஊற்றிய அந்தக் காலையில் சமையற்கூடத்துச் சுவர்த் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. திறனழைப்பு, மதி யாரையோ வேலைக்கு அழைக்கிறது. கொம்பையா கையில் சோற்றோடு நிமிர்ந்தார். செம்பருதி, அறுவைப் பிரிவு, வடகரைக் காய்ச்சல் முகாம். அடுத்த கப்பலில் புறப்பட வேண்டும்.

வடகரைக்கு இந்த ஊரிலிருந்து வைத்தியம் பார்க்கப் போனவர்கள் எவரும் இதுவரை திரும்பவில்லை. காய்ச்சல் நோயாளியென்றும் வைத்தியரென்றும் பார்ப்பதில்லை.

கொம்பையா சபைக்கூடத்துக்கு ஓடினார். அங்கே சண்டை போடலாமென்றால் ஆள் இருக்க வேண்டுமே. அந்த மாதம் குலுக்கலில் சீட்டு விழுந்து சபையின் வாயாக இருந்தது தோழர் செசிலி. பாசிப் பண்ணையில் கொம்பையாவோடு சேர்ந்து கயிறு இழுப்பவள், நல்ல மனுஷி. அவரைக் கண்டதும் எழுந்து தண்ணீர் கொடுத்தாள்.

"தப்பு நடந்திருக்கு, செசிலி. எம்மவளப் பத்தி ஒருத்தர்கூட நல்லதாச் சொன்னதில்ல. நான் ஒரு நாளும் சொன்னதில்ல. சாட்சியம் எங்கேருந்து வந்துச்சு?"

"ஒங்ககிட்டருந்துதான் வந்திருக்கு, அண்ணே."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் கொம்பையாவின் குரல் வரிசையாக ஓடியது. சாக்கு தைச்ச மாதிரி. கையா, கட்டையா. ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை. பல வருஷத்து வசவு.

"யாரு எவ்வளவு திட்டுதாவ, எந்த நேரத்துல, குரல் எப்படி நடுங்குதுன்னு மதி படிச்சிட்டு. வேலை தெரியாதவனை ஊர்ல யாரும் திட்டுறதில்ல, சும்மா விட்டுருதோம். வேலை தெரிஞ்சவனைத்தான் விழுந்து விழுந்து திட்டுதோம். அவளுக்கு நீங்கதான் பெரிய சாட்சி."

"இனிமே பேசாம இருந்தா?"

"அதையும் படிக்கும், அண்ணே."

கொம்பையா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இப்படிக் கண்டுபிடிக்க அதுக்கு யாரு சொன்னா?"

செசிலி சொல்வதற்கு முன்பே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் மனைவி பேச்சித்தாய் குடல் வெடித்துத் துடித்தபோது, ஊரில் கத்தி பிடிக்க ஆளில்லை என்றார்கள். அவள் போன பிறகுதான் தெரிந்தது, அடுத்த தெருவில் பாசி உலர்த்திக்கொண்டிருந்தவன் வேறோர் ஊரில் அறுவை பழகியவன் என்பது. அவன் வீட்டார் அவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிச் சொல்லியே மறைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்குச் சபையில் எழுந்து, திறனை ஒளிப்பவன் எல்லார் உயிரையும் திருடுகிறான் என்று அழுதவர் கொம்பையா. ஒளிந்த திறனை எப்படியாவது கண்டுபிடிக்கட்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவரும் அவரே. ஊர் முழுதும் கை தூக்கியது. அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின, மகள் கை தேறினாள், ஊருக்கொரு நியாயம் தமக்கொரு நியாயம் என்று அவரும் திட்ட ஆரம்பித்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"எனக்கும் தேவைன்னு ஒண்ணு உண்டுல்லா? எனக்கு எம்மவ வேணும். அதைப் போடு."

"அழைப்பு வந்த நிமிஷமே அது பதிவாயிட்டு, அண்ணே. எடை போட்டுப் பாத்திருக்கு. அங்கே ஆயிரக்கணக்குல கெடக்காவ, இங்கே நீங்க ஒரு ஆளு." செசிலி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆனா ஒங்க தேவையை அப்படியே விட்டுடல. பேச்சுத்துணைக்கு நல்லாப் பழகுற புள்ள ஒண்ணு வாரத்துல ரெண்டு நாள் ஒங்க வீட்டுக்கு வரும்."

யார்மேல் கோபப்படுவது? செசிலி மேலா, பேச்சுத்துணைக்கு வரப்போகிற யாரோ பெற்ற பிள்ளை மேலா? வடகரையில் வாய் உலர்ந்து கிடப்பவர்கள் மேலும் கோபப்பட முடியாது, அவர்களில் எத்தனையோ பேச்சித்தாய்கள். கொம்பையா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

புறப்படும் நாளும் வந்தது. துறைமுகப் பாலத்தில் செம்பருதி பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. காய்ச்சலுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக் கொம்பையா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா, மதி ஆளை மாத்திக் கூப்பிட்டுட்டு," என்றாள் அவள் மெதுவாக. "எனக்குத்தான் வேலை தெரியாதே. அங்க போயி யாரையாவது கொன்னுருவேம்ப்பா. நீங்க சபையில சொல்லுங்க. என் கையைப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா?"

கொம்பையாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அடுத்தவரைத் திட்டினால் அது பாசம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தன்னைத் திட்டும்போது மட்டும் அது உண்மையென்றே தோன்றிவிடுகிறது. அவள் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பியிருந்தாள்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? அவர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பாலத்துக் கம்பத்தில் செவி தொங்கியது. தொங்கட்டும்.

"ஒன் கை மாதிரி கை இந்தக் கரையிலேயே கெடையாது, தாயி. அருளானந்தம் கையில தையலத் தேடித் தேடிப் பார்த்து எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஒங்கம்மா கெடந்தப்ப நீ இந்த வயசுல இருந்திருந்தா அவ பொழச்சிருப்பா. ஒன்னை அனுப்ப மனசில்லாமத்தான் நான் அப்படியெல்லாம் சொன்னேன். அத்தனையும் பொய்யி."

செம்பருதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண்கள் கனிந்தன. கடைசி நேரத்து நோயாளியின் உறவுக்காரர்கள் 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லும்போது மருந்தகத்தில் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"நான் தைரியமாப் போவணும்னு சொல்லுதீய," என்றாள். "பரவால்லப்பா. ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது."

கப்பல் ஊதியது. அவள் தன் கைகளை அவர் பிடியிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு, அவருடைய தோளை இரண்டு தடவை தட்டிக் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததைக் கொம்பையா பார்த்தார்.