பொய்ஜன்னல்

பன்னிரண்டு அடியில் நின்றிருக்க வேண்டிய அளவு நாடா, பதினாறைத் தாண்டியும் அவள் கையிலிருந்து உருவிக்கொண்டே போனது. நாடாவின் முனையைப் பிடித்தபடி மாடியறைக்குள் போனவர் அவள் கணவர்தான்.

"என்னங்க, எங்க போறீங்க?" என்று மாடிப்படியிலிருந்து கேட்டாள்.

"உன் வரைபடத்துல இருக்கே, உள்ளறை. அதுக்குத்தான்."

அந்த அறை வரைபடத்தில் மட்டும்தான் இருந்தது. சதுக்கத்து ஓரத்தில் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கும் இரட்டை வீடுகளில், இடது வீட்டை மட்டும் அங்குலம் அங்குலமாக அளந்திருந்தாள். அதே தூண்கள், அதே முக்கோண முகப்பு, எவன் பார்க்கப் போகிறான் என்று, கணினியில் அதையே திருப்பிப்போட்டு வலது வீடு என்று அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். இன்று காலையில், அந்த வலது வீட்டைச் சரிபார்க்கக் கணவரோடு இங்கே வந்தபோதுதான் கவனித்தாள்: வலது வீட்டின் கோடி ஜன்னல் வெறும் ஒப்புக்கு. ஜோடி பொருந்த வேண்டுமென்று கட்டியவர்கள் சுவரிலேயே செய்துவைத்த பொய்ஜன்னல். பின்னால் அறையே கிடையாது. இதைக் கணவரிடம் சொல்ல வெட்கம். அவரோ இவள் போட்ட கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற மனுஷர். அடிப்பாவி, வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே!

மழைக்கு இருட்டிய மதியத்தில், நூறு வருஷத்துக்கு முன்பே காய்ந்துபோன சுவர்களிலிருந்து இப்போதுதான் பூசியதுபோல் ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏற, காலடியில் பலகைகள் முனக, நாடாவைத் தொடர்ந்து உள்ளே போனாள்.

அறை காலி. நாடா எதிர்ச்சுவருக்குள் போயிருந்தது. சுவரில் கீறல்கூட இல்லை. குத்தினாள். கெட்டிச் சுவர்.

"வந்துடுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், திரும்பி வந்துடுங்க!"

"ஏன் கத்தறே?" சுவருக்குள்ளிருந்து அவர் குரல், சாவகாசமாக. "இங்க ஜன்னல்லேர்ந்து சதுக்கமே தெரியுது. நீ கீழ என்ன பண்றே? கையை வேற ஆட்டறே."

"அது நான் இல்லைங்க! நான் இங்க இருக்கேன்!"

"சரி சரி, மேல வா."

சுவருக்குள் படியேறும் சத்தம். அவளுடைய நடை. அவளுடைய மூச்சிரைப்பு.

"முனையை விட்டுடுங்க," என்றது அவளுடைய குரல். "அளந்தது போதும். வீட்டுக்குப் போகலாம்."

"அப்பாடா! கால் விட்டுப்போச்சு."

நாடா தொய்ந்தது. இரு கைகளாலும் சுவரை அறைந்தாள். நகம் பெயர்ந்தது. கத்தினாள்.

உள்ளே இரண்டு பேர் சிரித்துப் பேசியபடி படி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.