அனுமதி பெற்ற ஐந்தாவது

வீட்டுக்குள் ஓர் எறும்பு இணையத்தில் நுழைந்தால்கூட, அது எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று மோடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். டெலிபோன் ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் வயர் இழுத்து ஓய்வுபெற்றவர் இப்படிக் கதை அளந்தபோது, சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை.

"எறும்பு இருக்கட்டும். அஞ்சு மணிக்கு மகளை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள வீடியோ கால்ல அவ முகத்தைப் பாத்துடணும். இன்னிக்கும் பாதியில கட்டாச்சுன்னா பாருங்க."

"யாரோ நம்ம வைஃபையைத் திருடறான். நம்ம சாமான் மட்டும் உள்ள வர்ற மாதிரி பூட்டு போடறேன், பாரு."

மோடத்துக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து அமைப்புகளைத் திறந்தார். இணைந்திருப்பவை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண். எண் குறையக் குறைய, சாமான் மோடத்துக்குக் கிட்டே. எதையும் படித்துப் பார்த்துச் செய்யும் வழக்கம் அவருக்கு ஏது? மொத்தத்தையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்து, அனுமதி கொடுத்துச் சேமித்தார். அப்புறம்தான் எண்ணினார். இரண்டு போன், டிவி, லேப்டாப். நாலுதான்.

ஐந்தாவதற்குப் பெயரில்லை. எண் எண்பத்தெட்டு. கேட்டுக்கு வெளியே.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்தொன்று ஆனது. சாயங்கால வெயில் ஜன்னலில் பளீரென்று அடிக்க, மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், ஈரச்சாக்கைத் தரையோடு இழுப்பதுபோல ஏதோ கேட்டது; வருடக்கணக்கில் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியின் வாடை கதவிடுக்கு வழியே ஊர்ந்து வந்து, மோடத்தின் சூடேறிய பிளாஸ்டிக் மணத்தோடு கலந்தது.

ஐம்பத்தாறு. வாசற்படி.

ஐந்தாவதைத் தொட்டு, நீக்கு என்பதை அழுத்தினார். டிவிதான் பட்டியலிலிருந்து போனது. மறுபடி அழுத்தினார். மனைவியின் போன் போனது.

"ஐயோ, இப்பத்தான் அவ முகம் தெரிஞ்சுது, கட்டாயிடுச்சு!"

"நான் இல்லடி. அது... உள்ள வருது."

"உங்க புளுகுக்கு நேரங்காலமே கிடையாதா?"

நாற்பது. அழுத்தினார். அவருடைய போன் போனது.

இருபத்தைந்து.

வாடை. பிடரியில் ஈரம்.

பன்னிரண்டு. மோடத்தை மடியில் வைத்துக்கொண்டாலும் வராத எண்.

கடைசியாக ஒருமுறை அழுத்தினார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

மனைவியின் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"என்னங்க..." குரல் வெறும் காற்றாக வந்தது. "நீங்க சொன்னது நிஜந்தாங்க. திரும்பாதீங்க. உங்க தோள்ல மோவாயை வெச்சுக்கிட்டு, அதுவும் திரையைத்தான் பாக்குது."