இடது பெடல்

சனி காலை எட்டரை. சுவிஸின் பீல் நகரிலிருந்து மேலே ஏறும் வீதியில் ஜெனிஸ்ரனின் சைக்கிளில் வலது பெடல் கழன்று விழுந்தது. பழைய இரும்புச் சைக்கிள். கியர்களையெல்லாம் அகற்றி அவனே ஒற்றைக் கியராக மாற்றிக் கட்டியது. மேட்டில் எழுந்து நின்று, முழுப் பாரத்தையும் கொடுத்துத்தான் மிதிக்க வேண்டும். மிதித்தான். விழுந்ததில் தோள் எலும்பு முறிந்தது.

“பழைய சாமான், தானாகக் கழன்றிருக்கும்” என்றார் பொலிஸ்காரர்.

அக்கா நதாலி நம்பவில்லை. முதல்நாள் மாலை இரண்டு பெடலையும் தம்பி இறுக்கியபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள். செய்தவனைப் பிடித்து, இனித் தலைநிமிராதபடி ஆக்க வேண்டும். வேறெதுவும் அவள் மனதில் ஓடவில்லை.

சைக்கிள் நின்ற நிலவறைக்குத் தம்பியைத் தவிர இருவரிடம் சாவி இருந்தது. ஒருவன் அங்கேயே சைக்கிள் திருத்தும் கிஷோபன். போன வாரம் தம்பியோடு வாய்த்தர்க்கப்பட்டவன். மற்றவன் மேல்வீட்டு ஜேசன். குப்பையென்று சொல்லி அந்தச் சைக்கிளைத் தம்பியின் தலையில் கட்டியவன். அது மினுமினுவென்று மாதா கோயில் திருநாளுக்கு வந்தபோது, “ஜேசனுக்குக் கண் பொட்டை” என்றான் தம்பி. கோயில் முற்றமே சிரித்தது.

முதலில் கிஷோபனிடம் போனாள்.

“பெடல் கழட்டத் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே, அண்ணை?”

“ஓம். அதுக்கு? கோவமெண்டா நேரை நிண்டு அடிப்பன். களவாப் பெடல் கழட்டமாட்டன். மற்றப் பெடலைப் பாத்தனீரோ?”

திரும்பி வந்து பார்த்தாள். இடது பெடலின் கழுத்தில் ஸ்பானர் வழுக்கிய புதுக் கீறல்கள். தம்பி காட்டித் தந்த மாதிரியே கழற்றிப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை. தம்பி இறுக்கியதை விடப் பலமடங்கு இறுகிக் கிடந்தது.

மாலை ஜேசனைக் கீழே கூப்பிட்டாள்.

“இடது பெடலை ஒருக்காக் கழட்டித் தாறியோ?”

அவன் ஸ்பானரை மாட்டி, போத்தல் மூடி திறக்கும் பக்கமாகச் சுற்றினான். முகம் சிவந்தது.

“பிடிச்சுப் போச்சு அக்கா. துருவாக்கும்.”

“துருவில்லை. இடது பெடலுக்கு மட்டும் திருகு மறுவளம், எதிர்ப்பக்கம் சுத்தினாத்தான் கழரும். கழட்டுறதெண்டு நினைச்சு நேற்று இரவும் இப்பிடித்தான் இறுக்கியிருக்கிறாய். அசையேல்லையெண்டு வலதுக்குப் போயிருக்கிறாய். கிஷோபன் அண்ணை நித்திரையிலையும் இந்தப் பிழை விடார். மற்றச் சாவி உன்னட்டை.”

ஸ்பானர் நிலத்தில் விழுந்தது.

“எல்லாருக்கும் முன்னாலை அவன் என்னை… இப்பிடி முறியுமெண்டு நினைக்கேல்லை, அக்கா.”

“நாளைக்குப் பூசை முடிய, முற்றத்திலை எல்லாரும் நிக்கேக்கை, உன்ரை வாயாலை இதைச் சொல்லுறாய். பிறகுதான் பொலிஸ்.”

“பொலிசுக்கு இப்பவே வாறன். அதை மட்டும் வேண்டாம்.”

“எனக்கு அதுதான் வேணும்” என்றாள் நதாலி.